தயிர் கடையும் தயிர்க்கடையும்

தமிழில் ஒற்றுப் பிழைகளைப் பற்றிப் பேசுகிறவர்களை இரு சாராராகப் பிரித்துவிடலாம். ஒரு சாராருக்கு நன்னூல் ஒரு பிரம்பு. நாளிதழில் ஒரு 'க்' குறைந்தாலும் மொழி அழிந்துவிட்டதாகக் கடிதம் எழுதுவார்கள். மறு சாரார், பொருள் புரிந்தால் போதாதா, ஒரு 'ப்' இல்லாததால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்பவர்கள். இவ்விரு சாராரும் எதிரெதிரே நின்று பேசினாலும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகிறார்கள். ஒற்று என்பது எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டிய, அல்லது கைவிட்டுவிட வேண்டிய, ஒரு சடங்கு என்றே இருவரும் கருதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒற்று முதலில் காதுக்கு உரியது. எழுத்துக்கு அது பிறகுதான் வந்தது. வேறு மொழிகளில் சொல்லழுத்தம் என்ன வேலையைச் செய்கிறதோ, அதைத் தமிழில் ஒற்று செய்கிறது.

எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்கலாம். 'தயிர் கடை' என்றால் அது ஏவல். மத்தைத் தேட வேண்டும். 'தயிர்க்கடை' என்றால் அது ஓர் இடம். சில்லறையைத் தேட வேண்டும். கீரை கடை, கீரைக்கடை என்பதும் இப்படித்தான். இரு சொற்களுக்கு நடுவே ஒலிக்கும் அந்த 'க்', முன்னால் வந்தது தனிச்சொல் அல்ல, பின்னால் வருவதோடு சேர்ந்து ஒரே பெயர் என்று கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறது. இதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் இந்த வேறுபாட்டில் தவறுவதில்லை.

அழுத்தம் என்று சொன்னேன். அதை விளக்க ஓர் அயல்மொழியைத் துணைக்கு அழைக்கிறேன்: டச்சு. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது முற்றிலும் அந்நியமான மொழி அல்ல. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றவர்கள் டச்சுக் கம்பெனியார். அன்று சிறைப்பட்ட டெ லனாய், பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராகி, 1777இல் மறைந்து, புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அந்தக் கோட்டைக்கு 'டிலனாய் கோட்டை' என்றே ஒரு பெயர் ஏற்பட்டது. தனித்தனியாக நின்ற 'டெ'யும் 'லனாய்'யும் நம்மவர் நாவில் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டதை இங்கே கவனிக்கலாம்.

டச்சு மொழியில் கூட்டுப் பெயர்களை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். எத்தனை பெயர்கள் சேர்ந்தாலும் அப்படித்தான். பேசும்போது பெரும்பாலும் முதல் உறுப்பின் மீது அழுத்தம் விழும். இது ஒரே பொருளின் பெயர் என்று கேட்பவர் உணர்வது அந்த அழுத்தத்தால்தான். விதிவிலக்குகள் உண்டு. நகரமன்றக் கட்டடத்தைக் குறிக்கும் 'ஸ்டாட்ஹௌஸ்' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் உறுப்பில் விழுகிறது. 'வோர்னாம்' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் ஒருவரின் முதற்பெயர் என்று பொருள். இரண்டாம் அசையை அழுத்தினால் மேன்மையான என்று பொருள். எழுத்து ஒன்றுதான், ஒலிதான் வேறு.

வரியின் முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால், டச்சுக்காரர்கள் உறுப்புகள் சேரும் மூட்டில் உடைப்பார்கள். மூட்டை மாற்றினால் பொருளும் மாறிவிடும். 'க்வார்ட்ஸ்லாகன்' என்பதை 'க்வார்ட் - ஸ்லாகன்' என்று பிரித்தால் கால்வட்டத் திருப்பங்கள். 'க்வார்ட்ஸ் - லாகன்' என்று பிரித்தால் படிகக்கல் அடுக்குகள். அந்த மொழியில் இது பிரபலமான வேடிக்கை. ஆனால் வேடிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. கூட்டுப்பெயரின் உயிர் அதன் மூட்டில் இருக்கிறது.

டச்சுக் கூட்டுப்பெயர் ஒன்று நம் ஊர்களில் மூன்று நூற்றாண்டுகளாகப் புழங்கிவருகிறது. கக்கூஸ் என்ற சொல்தான் அது. அவையில் சொல்லத் தயங்கும் சொல்தான், ஆனால் மொழி ஆய்வுக்கு அவையடக்கம் இல்லை. 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்று ஏறத்தாழ எழுதத்தக்க சொல்லுக்கு வீடு என்று பொருள். துட்டு என்ற நாணயப் பெயரும், இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் குறிக்கச் சொல்லும் கந்தோர் என்ற பெயரும் அதே வழியில் வந்தவை. டச்சு நாவில் 'கக்' என்பதில் அழுத்தம் விழும். 'ஹௌஸ்' தணிந்து ஒலிக்கும். தமிழன் அந்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 'ஹ' உதிர்ந்தது. 'கக்' என்பதையும் 'ஊஸ்' என்பதையும் சேர்த்துச் சொன்னபோது ககர ஒற்று இரட்டித்துக் கக்கூஸ் ஆயிற்று. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நம் இலக்கணம். கல் என்பதும் எறிந்தான் என்பதும் சேர்ந்து கல்லெறிந்தான் ஆவதும் இதனால்தான். துறைமுகத்துக் கூலிக்காரர்களின் நாவில் உருவான சொல்லில் அந்த விதி பிசகாமல் வேலை செய்திருக்கிறது. அதே டச்சுச் சொல் இந்தோனேசியாவில் இரட்டிப்பின்றிக் 'ககுஸ்' என்றே வழங்குகிறது. அவர்கள் மொழிக்கு அது போதும். நம் காதுக்குப் போதவில்லை.

தமிழில் அழுத்தமே இல்லையா என்று கேட்கலாம். சொல்லின் முதலசை சற்று எடுப்பாக ஒலிக்கும். ஆனால் அழுத்தத்தை ஓர் அசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி வேறு பொருள் தரும் சொல்லாக்க நம்மால் முடியாது. அந்த வேலைக்கு நம்மிடம் உள்ள கருவி வல்லெழுத்தின் வன்மையும் மென்மையும். ஊறுகாய் என்று சொல்லிப் பாருங்கள். 'காய்' குழைந்து ஒலிக்கிறது. வாழைக்காய் என்று சொல்லுங்கள். அதே 'காய்' வன்மையாக ஒலிக்கிறது. ஊறுகாய் வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது, சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. வாழைக்காய், வாழையினது காய். அங்கே உறவு வேறு. அந்த உறவை ஒற்று காட்டுகிறது. வெற்றிலைபாக்கு என்றால் வெற்றிலையும் பாக்கும்; இரண்டும் சமம், ஒற்று இல்லை. வெற்றிலைப்பெட்டி என்றால் வெற்றிலைக்கான பெட்டி. டச்சு அழுத்தம், இது ஒரு பெயர் என்று மட்டும் சொல்லும். நம் ஒற்றோ, சொற்கள் எந்த முறையில் உறவினர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஒலியால் மட்டுமே பிரியும் தொடர்களைத் தொல்காப்பியர் அறியாதவரல்லர். புணரியலை முடிக்கும் இடத்தில் அவர் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் வேறாகும் தொடர்கள் உண்டு, அவற்றை ஒலிக்கும் முறையே வேறுபடுத்தும் என்கிறார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் இன்றும் சுவையானவை. 'செம்பொன்பதின்தொடி' என்பது செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? 'குன்றேறாமா' என்பது குன்றின்மேல் ஏறுகிற ஆமாவா, குன்றில் ஏறாத மாவா? இவற்றைப் பிரித்தறிய எழுத்தில் விதி இல்லை, சொல்பவன் குறிப்பே வழி என்று அவர் அடுத்து விட்டுவிடுகிறார். எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். எழுத்தால் காட்ட முடிந்ததைப் புணர்ச்சி விதியாக்கியவர், முடியாததைக் காதிடம் ஒப்படைக்கிறார். விதிக்கு வேர் காதில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே விலக்கிவிட வேண்டும். அசை வேறு, சொல் வேறு. 'புளியமரம்' என்பதை அலகிட்டால் புளி - யம - ரம் என்று பிரியும். நிரை நிரை நேர், கருவிளங்காய். பொருளின்படி அது புளிய - மரம். மரத்தின் நடுவே வாள் வைப்பதுபோல யாப்பு சொல்லை அறுக்கிறது. சீருக்காகச் சொல்லைப் பொருள் பாராமல் இப்படிப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயரிட்டு, செய்யுளுக்கு அதை அனுமதித்தது நம் மரபு. காதின் பிரிவும் கருத்தின் பிரிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது பழந்தமிழ்ப் புலவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. உரைநடை எழுதும் நமக்குத்தான் அது குழம்பிப்போயிற்று.

அந்தப் புளியமரத்தையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். மரத்தைக் குறிக்கும் புளி 'அம்' சாரியை பெறும் என்றும், சுவையைக் குறிக்கும் புளி வேறு வகையில் புணரும் என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆகவே மரத்தின் கிளை புளியங்கொம்பு. சுவையால் பெயர் பெற்றது புளிக்குழம்பு. நாஞ்சில் நாட்டில் இன்றும் யாரும் புளிக்கொம்பைப் பிடிப்பதில்லை, புளியங்கறி வைப்பதுமில்லை. சுந்தர ராமசாமியின் நாவல் 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை' என்று பெயர் பெற்றபோது, அந்தப் பெயரின் நடுவில் இருந்த ஒரு 'ய' ஈராயிரம் ஆண்டு வழக்கைச் சுமந்துகொண்டிருந்தது. நாகர்கோவிலின் நடுவில் உள்ள வேப்பமூடு சந்திப்பும் அப்படித்தான். வேம்பு, பெயரோடு பெயராகச் சேரும்போது மெல்லினம் வல்லினமாகி வேப்ப என்றாகிறது. இரும்பு இருப்புப்பாதையில் இருப்பு ஆவதும் அதே முறை. 'மூடு' என்றால் அடி, மரத்தடி. பேருந்து நடத்துனர் ஒரு நாளில் எத்தனை முறை அந்தப் பெயரைக் கூவினாலும் வேம்புமூடு என்று தவறியும் சொல்லமாட்டார்.

நாகர்கோவில் என்ற பெயரே ஓர் அழகான பாடம். ரகர ஒற்றை அடுத்துக் ககரம் வந்தால் வேற்றுமைத் தொகையில் பொதுவாக ஒற்று மிகும்: தயிர்க்கடை, நீர்க்குடம், தேர்க்கால். அப்படியானால் நாகர்க்கோவில் என்றல்லவா இருக்க வேண்டும்? இல்லை. உயர்திணைப் பெயரின் ஈற்று மெய்க்கு முன் வல்லெழுத்து இயல்பாகவே நிற்கும். இந்த ஊரில் நாகம் பாம்பல்ல, நாகர். கோவில் கொண்டிருக்கும் தெய்வம். ஆகவே ஒற்று வரவில்லை. சில கிலோமீட்டர் தள்ளிப் புலியூர்க்குறிச்சியில் முன்சொல் ஊர். அது அஃறிணை, ஆகவே ஒற்று மிகுந்தது. ஓர் ஊர் தன் தெய்வத்தை எந்தத் திணையில் வைத்திருக்கிறது என்பதை இல்லாத ஓர் ஒற்று நமக்குச் சொல்கிறது. ஒற்றைச் சடங்கு என்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பிரம்பு பிடித்தவர்களுக்கும் இம்மாவட்டம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. கல்குளம் இங்குள்ள பழைய வட்டம். நன்னூலின்படி கல் என்பதன் லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிய வேண்டும். கற்சிலை போலக் கற்குளம் என்றாக வேண்டும். யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. மலையாளத்தில் லகரம் திரியாமலே நின்று அடுத்த ககரம் இரட்டிக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. இரு மொழிகளின் புணர்ச்சியும் இங்கே ஒரே நாவில் வாழ்ந்தன. திங்கள்சந்தையை விதிப்படி திங்கட்சந்தை ஆக்கலாம். அதோடு நில்லாமல் திங்கள்நகரையும் விதிப்படி புணர்த்தினால் திங்கணகர் என்று வரும். அந்தப் பெயரைச் சொல்லிப் பேருந்தில் பயணச்சீட்டு வாங்க முடியுமா? இலக்கணம் பிழையில்லாமல் இருக்கும். ஊர்தான் காணாமல் போயிருக்கும்.

ஊர்ப்பெயர்கள் தேய்வதையும் நம் மரபு இழிவாகப் பார்க்கவில்லை. மரூஉ என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரே இருக்கிறது. இரணியசிங்கநல்லூர் இரணியல் ஆயிற்று. திருநெல்வேலியைத் தின்னவேலி என்று சொல்லாத நாஞ்சில் நாட்டார் குறைவு. நாகர்கோவிலே நாரோயில் ஆகும். ஆரல்வாய்மொழி உள்ளூரார் நாவில் ஆராமொழி என்று குறுகுகிறது. ஆங்கிலேயர் ஆவணங்களில் அது ஆரம்போலி என்று எழுதப்பட்டது. இவற்றில் முதலசை பெரும்பாலும் தப்பித்துக்கொள்வதையும், தேய்மானமெல்லாம் நடுவில் நிகழ்வதையும் கவனிக்கலாம். முதலசை எடுப்பாக ஒலிக்கும் என்று முன்பு சொன்னேனே, அதன் தடயம் இது. எடுப்பாக ஒலிப்பது நிலைக்கிறது, தணிந்து ஒலிப்பது தேய்கிறது.

தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரானின் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்ற பெயரில் 1988இல் வெளிவந்தது. 'கடலோரக் கிராமத்தின்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விதி அவர்கள் பக்கம்தான். ஆனால் வாய் விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிராமம் என்ற வடசொல் நம் பேச்சில் மென்மையாகவே தொடங்குகிறது. அங்கே ஒற்றைப் போட்டால் வாய் சொல்லாத ஒன்றைக் கண் படிக்க வேண்டியிருக்கும். அந்தத் தலைப்பு எழுதிய காதுக்கு உண்மையாக இருக்கிறது என்பேன்.

இதெல்லாம் இலக்கண ரசனைதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. பெயர்களை எழுதி நிலைநிறுத்தும் அதிகாரம் இப்போது அலுவலகங்களிடமும் இயந்திரங்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அறிவித்தது. கடும் விமர்சனம் எழுந்து, சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தமிழ் உச்சரிப்பு என்று எதைக் கொள்வது? ஊரார் சொல்வதையா, பலகையில் எழுதியிருப்பதையா, விதி சொல்வதையா? அந்த அடிப்படைக் கேள்விக்கு விடை காணாமல் ஆங்கில எழுத்துகளை மட்டும் கூட்டியும் குறைத்தும் என்ன பயன்?

இயந்திரக் குரல்கள் அடுத்த சிக்கல். வழிகாட்டும் செயலியும் எழுத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளும் எழுத்தில் இருப்பதைத்தான் ஒலிக்கும். 'மணவாளக்குறிச்சி' என்று ஒற்றோடு எழுதினால் குறிச்சி வன்மையாக ஒலிக்கும். ஒற்றை விட்டுச் சேர்த்து எழுதினால் குழைந்து வேறு ஊராகிவிடும். இடைவெளி விட்டு எழுதினால் இரண்டு சொல்லாகிவிடும். பாட்டியிடமிருந்து பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதனால் தீங்கில்லை. பெயரை இயந்திரத்திடமிருந்து முதன்முதலாகக் கேட்கப்போகும் பிள்ளைக்கு அதுவே சரியான ஒலி என்றாகிவிடும். ஒரு தலைமுறைக்குள் காது மாறிவிட்டால், பிறகு எந்த இலக்கணமும் அதைத் திருப்பித் தர முடியாது.

ஆகவே என் தரப்பை இப்படித் தொகுத்துக்கொள்கிறேன். வாய் ஒற்றைச் சொல்கிற இடத்தில் கை அதை எழுதியே ஆக வேண்டும். மருந்துக்கடை, தயிர்க்கடை, புலியூர்க்குறிச்சி போன்றவற்றில் ஒற்றை விடுவது எளிமை அல்ல. பெயரைச் சரியாகக் கேட்காததன் விளைவு. வாய் சொல்லாத திரிபை விதியின் பெயரால் புகுத்தவும் வேண்டாம். கல்குளம் கல்குளமாகவே இருக்கட்டும். ஒரு பொருளின் பெயர் இரு சொல்லால் ஆனதாக இருந்தாலும், இடைவெளி விடாமல் ஒன்றாக எழுதுவது நல்லது. அச்சிலோ திரையிலோ வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால், ஒற்றை முன்சொல்லோடு நிறுத்தி மூட்டில் உடைக்கலாம். 'தயிர்க்' என்று வரி முடிந்தால் அடுத்து ஒரு பெயர்தான் வரப்போகிறது என்று படிப்பவர் எதிர்பார்ப்பார். 'தயி' என்று முடிந்தால் அவருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை.

ஆளுக்கொரு காது, வட்டாரத்துக்கொரு வாய்; எந்தக் காதை நம்புவது என்று எதிர்வாதம் வரலாம். நியாயமான கேள்வி. ஊர்ப்பெயரைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை. அந்தந்த ஊராரின் காதைத்தான் நம்ப வேண்டும். குமரி மாவட்டத்தின் ஊர், குளம், மேடு, துறை, சந்தைப் பெயர்களை அங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர்களைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்து, எழுத்து வடிவத்தோடு பக்கத்தில் வைத்துத் தொகுக்க வேண்டும். திராவிட மொழியியலுக்கு நிறுவனங்கள் அமைத்து, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான வ.அய். சுப்பிரமணியம் பிறந்த மண் இது. இதைச் செய்வதற்கு இங்கே ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஒலிப்பதிவுக்குப் பெருஞ்செலவும் இன்று தேவையில்லை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கருவி இருக்கிறது. பொதுச்சொற்களில் வட்டார வேறுபாடு இருக்கும் இடங்களில் இரு வடிவங்களையும் ஏற்றுக்கொள்வதில் தவறென்ன? கோயில், கோவில் இரண்டும் பல நூற்றாண்டுகளாகச் சண்டையில்லாமல்தானே வாழ்கின்றன.

இரண்டு பலகைகளைச் சேர்க்கும் தச்சன் அடிக்கும் ஆணி பாதி இந்தப் பலகையிலும் பாதி அந்தப் பலகையிலும் இறங்கி நிற்கும். இரட்டித்த ஒற்றும் அப்படித்தான். தயிர்க்கடையில் ஒரு 'க்' முன்சொல்லின் அசையை மூடுகிறது, மறு ககரம் பின்சொல்லின் அசையைத் திறக்கிறது. ஆணி கண்ணுக்கு அழகாக இல்லை என்று பிடுங்கினால் பலகை உடனே விழுந்துவிடாது. ஆடத் தொடங்கும், அவ்வளவுதான். தேவையில்லாத இடத்தில் அடித்தாலோ பலகை பிளக்கும். எங்கே அடிப்பது என்பதைத் தச்சனுக்குத் தட்டிப் பார்க்கும் ஓசைதான் சொல்கிறது. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதுங்கள். எழுதும் முன் உங்கள் ஊர்ப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.